கடிமரமும் கைச்சீட்டும்: ‘ஆர்போரீட்டம்’ சீட்டாட்டம் – ஒரு புறத்திணை வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

டான் காசர் வடிவமைத்து 2015ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆர்போரீட்டம்’ என்னும் சீட்டாட்டம், மரங்களை நட்டு வளர்ப்பதையும் எதிராளி வளர்த்த மரங்களைப் பயனற்றவையாக்குவதையும் ஒரே விதியமைப்புக்குள் கொண்டது. அவ்விதிகளைச் சங்கப் பாடல்கள் கூறும் கடிமரம் தடிதலோடும் புறத்திணைகளின் எதிரிணை அமைப்போடும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. காவல்மரத்தின் அழிவு அதற்குரியவன் செவியில் விழவேண்டும் என்பது புறப்பாடல்களின் எதிர்பார்ப்பு. அழிவு எவருக்கும் கேளாமல் நிகழ்வது இவ்வாட்டத்தின் இயல்பு. பிள்ளையார்பாளையத் தறியின் அட்டைக்கோவையும், காஞ்சித்திணை பற்றித் தொல்காப்பியமும் புறப்பொருள் வெண்பாமாலையும் கொள்ளும் கருத்துவேறுபாடும் இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் துணைநிற்கின்றன.

திறவுச்சொற்கள்: கடிமரம், புறத்திணை, காஞ்சி, துணைவஞ்சி, சீட்டாட்டம், ஆட்டவிதி, பிள்ளையார்பாளையம்

ஓசையற்ற அழிவு

சங்கப் புறப்பாடல்களில் காவல்மரம் வீழும்போது கோடரியின் ஓசை கேட்கிறது. புறநானூற்று 36ஆம் பாடலில் அவ்வோசை மதிலைக் கடந்து அரசன் இருக்கும் மனைவரை செல்கிறது. வெட்டுவோனும் மரத்துக்கு உரியவனும் ஒருவரையொருவர் அறிந்து நிற்கும் களம் அது. மரம் வளர்த்தலையும் மரம் அழித்தலையும் பொழுதுபோக்குப் போட்டியாக்கிய இக்காலச் சீட்டாட்டம் ஒன்றில் இவ்வோசை அறவே இல்லை. அங்கு ஒருவர் வளர்த்த மரவரிசை, ஆட்டம் முடிந்து கைச்சீட்டுகள் திறக்கப்படும் நொடியில், முன்னறிவிப்பின்றிப் பயனற்றுப் போகிறது. இவ்விரண்டு அழிவுகளுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

ஆட்டமொன்றின் விதிநூலை இலக்கியப் பனுவலோடு வைத்து நோக்குவது பொருந்துமா என்னும் வினா எழக்கூடும். இங்குத் தாக்கமோ கடன்பேறோ பேசப்படவில்லை. மேலைநாட்டு ஆட்ட வடிவமைப்பாளர் ஒருவர் புறநானூற்றை அறிந்திருக்க வேண்டிய தேவையுமில்லை. யார் எப்போது எதைச் செய்யலாம், எதைச் செய்தால் வெற்றி, எதைச் செய்தால் இழுக்கு என்று வரையறுக்கும் தன்மையில் புறத்திணை இலக்கணமும் ஓர் விதித்தொகுதியே. வெட்சி மறவன் ஆநிரை கவர்ந்தால் கரந்தை மறவன் மீட்கவேண்டும் என்பது ஒரு செயலுக்கு எதிர்ச்செயலை வகுக்கும் விதி. விதியை விதியோடு ஒப்பிடுவதில் முறைகேடில்லை.

நடாத மரம் நட்ட மரத்தை வெல்லும் விதி

இவ்வாட்டத்தில் மொத்தம் 80 சீட்டுகள். பத்து மர இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் 1 முதல் 8 வரை எண்ணிட்ட எட்டுச் சீட்டுகள். இருவர் ஆடினால் ஆறு இனங்களும், மூவர் ஆடினால் எட்டும், நால்வர் ஆடினால் பத்தும் பயன்படுகின்றன. மேப்பிள், ஓக் முதலிய குளிர்நில மரங்களோடு காசியாவும் இடம்பெற்றுள்ளது. தமிழர் நன்கறிந்த சரக்கொன்றை அப்பேரினத்தது என்பதால், பின்வரும் விளக்கத்தில் அவ்வினம் கொன்றை என்றே சுட்டப்படும்.

ஒவ்வொருவர் கையிலும் ஏழு சீட்டுகள் இருக்கும். தம் முறை வரும்போது இரண்டு சீட்டுகளை எடுத்து, ஒன்றைத் தம் முன்னுள்ள தோட்டத்தில் ‘நட்டு’, மற்றொன்றை விலக்கவேண்டும். நட்ட சீட்டை மீண்டும் எடுக்கவோ இடம் மாற்றவோ இயலாது. விலக்கிய சீட்டு தம் முன்னே முகம் தெரியக் கிடக்கும். மேலே கிடப்பதை எதிராளி தம் முறையில் எடுத்துக்கொள்ளலாம். எனவே வேண்டாமென்று விலக்கும் ஒவ்வொரு மரமும் பிறர் தோட்டத்துக்கான வித்தாகிறது. எடுப்பதற்கான கட்டு தீர்ந்ததும் ஆட்டம் முடியும். ஓரினத்தில் தொடங்கி அதே இனத்தில் முடியும், எண் ஏறுவரிசையில் அமைந்த ஒரு பாதை தோட்டத்தில் இருந்தால், அவ்வினத்துக்குப் புள்ளி கிடைக்கும். இடையில் வேற்றினங்கள் வரலாம். நான்கோ அதற்கு மேற்பட்டோ சீட்டுகள் கொண்ட பாதை முழுதும் ஓரினமாகவே அமைந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள்.

இதுவரை உள்ளது வளர்ப்பின் விதி. அழிவின் விதி அடுத்து வருகிறது. ஓரினத்துக்குப் புள்ளி பெறும் உரிமை, அவ்வினத்தை மிகுதியாக நட்டவருக்குத் தானாகக் கிடைப்பதில்லை. நடாமல் இறுதிவரை கையில் வைத்திருந்த அவ்வினச் சீட்டுகளின் கூட்டுத்தொகை எவரிடம் மிகுதியோ அவருக்கே உரிமை. ஒருவர் கொன்றையில் 2, 3, 5, 6 ஆகியவற்றை வரிசையாக நட்டு, 4ஐக் கையில் வைத்திருப்பதாகக் கொள்வோம். எதிராளியின் தோட்டத்தில் ஒரு கொன்றையும் இல்லை. ஆனால் கையில் கொன்றை 8 உள்ளது. உரிமை எதிராளிக்குச் செல்லும். அவருக்கும் அதனால் ஒரு புள்ளியும் இல்லை, நட்டவருக்கும் இல்லை. நான்கு மரங்களும் தோட்டத்தில் நின்றவாறே மதிப்பிழக்கின்றன. இதற்கு மாற்றும் விதியிலேயே உண்டு: ஒருவரிடம் 8 இருக்க, மற்றொருவர் கையில் அதே இனத்தின் 1 இருக்குமாயின், அந்த 8 வெறும் சுழியாகிவிடும். மேற்சொன்னவர் 4உடன் 1ஐயும் வைத்திருந்தால் உரிமை அவருக்கு மீண்டு, நான்கு கொன்றைகளும் 8 புள்ளிகளை ஈட்டித்தரும். மிகச் சிறியது மிகப் பெரியதைச் செல்லாததாக்கும் இவ்விதி ஆட்டத்தின் அழகான கூறு.

இவ்வமைப்பின் நுட்பம் மறுக்கத்தக்கதன்று. ஒரு சீட்டை நட்டால் அது உரிமைக்குப் பயன்படாது. உரிமைக்கென்று வைத்துக்கொண்டால் அது தோட்டத்தில் வளராது. ஏழு சீட்டுகளுக்குள் இவ்விரு தேவைகளும் மோதுகின்றன. ஆனால் திறனாய்வு நோக்கில் கவனிக்கவேண்டியது வேறொன்று. ‘வெட்டு’ என்னும் செயலே விதிகளில் இல்லை. எதிராளியின் தோட்டத்தை எவரும் தொடுவதில்லை. அழிப்பவர் செய்வதெல்லாம் கொடாமல் வைத்திருத்தல். 2017இல் வெளிவந்த ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ பலகையாட்டத்தில்கூட, ஒருவர் மரத்தின் நிழல் மற்றவர் மரத்தின் மீது விழுந்து அதன் வெயிலைப் பறிப்பது பலகையிலேயே தெரியும். இங்கு அதுவும் இல்லை.

பழந்தமிழில் ‘கா’ என்னும் சொல் காத்தலையும் சோலையையும் ஒருங்கே குறிக்கும். இவ்வாட்டம் அவ்விரு பொருளையும் பிரித்து வைத்திருக்கிறது. சோலை மேசைமீது, காவல் கைக்குள்.

கழங்காடும் மகளிரும் நவியமும்

கடிமரம் என்பது குறுநில, பெருநில மன்னர்கள் தம் ஆட்சியின் அடையாளமாகக் காத்த மரம். பகைவர் அதை வெட்டுதலும், அதில் தம் யானையைக் கட்டுதலும் மண்ணைக் கொள்வதற்கு நிகரான செயல்கள். கல்லாடனார் பாடிய புறநானூற்று 23ஆம் பாடலில் ஊர்தோறும் காவல்மரங்கள் கோடரியால் நிலைகலங்கிய காட்சி இடம்பெறுகிறது. எனினும் ஆட்டமும் மரவெட்டும் ஒரே சட்டகத்துக்குள் வருவது 36ஆம் பாடலில்தான்.

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடியது அது. ஆன்பொருநை ஆற்றின் வெண்மணலில், சிலம்பும் தொடியும் அணிந்த மகளிர் பொன்னாற் செய்த கழங்குகளை வைத்து ஆடுகின்றனர்; ஆட்டத்தில் மணல் சிதைகிறது. அதை ஒட்டியே, கொல்லன் அரம் கொண்டு கூராக்கிய நெடுங்கை நவியம் பாய்ந்து, பூமணக்கும் கிளைகள் வீழக் காக்கள்தோறும் கடிமரம் தடியப்படுகிறது. அவ்வோசை தன் ஊரில், தன் காவல் மனையில் கேட்க, அங்கு அரசன் இனிதே இருக்கிறான். இத்தகையவனோடு முரசு ஒலிக்கப் போரிடுதல் நாணத்தக்கது என்று புலவர் கிள்ளிவளவனுக்கு உரைக்கிறார். கொல்வதும் விடுவதும் அவன் விருப்பம் என்ற முன்னுரையோடு சொல்லப்படும் அறிவுரை இது.

மணற்பரப்பில் இரண்டு சிதைவுகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலாகாது. கழங்காட்டத்தில் சிதையும் மணல் அடுத்த நீர்வரவில் மீண்டும் படியும்; நவியத்தில் வீழ்ந்த கடிமரம் மீளாது. புலவர் இவ்வேறுபாட்டை வெளிப்படையாகக் கூறவில்லை, கூறவேண்டிய தேவையுமில்லை. மேலும் முதன்மையானது, வெட்டின் பயன் ஓசையில் தங்கியிருப்பதாகப் பாடல் கொள்வது. கடிமரம் தடிதல் உடையவனை வெளியே அழைக்கும் அறைகூவல். அழைப்பைக் கேட்டும் அவன் வெளிவரவில்லை என்றால் வெட்டுபவனுடைய செயல் வெற்றியாவதில்லை. எதிராளி ஆட மறுத்த ஆட்டத்தில் ஒருவர் மட்டும் காய் நகர்த்திக்கொண்டிருப்பதை ஒத்த நிலை அது. நாணம் தோற்பவனுக்கு மட்டுமன்று, வெட்டுபவனுக்கும் உண்டு.

இதே துணைவஞ்சித் துறையில் அமைந்த மற்றொரு பாடல், காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய 57ஆம் புறப்பாட்டு. பகைவர் வயல்களைக் கொள்ளையிடுக, ஊரை எரியூட்டுக, வேலால் கொல்லுக. ஆனால் கடிமரத்தை மட்டும் வெட்டாதொழிக என்கிறார் புலவர். அதற்கு அவர் காட்டும் காரணம், அம்மரங்கள் பாண்டியனின் பெரிய யானைகளுக்குக் கட்டுத்தறியாகும் வலிமையற்றவை என்பது.

இப்பாடலை மரப்பாதுகாப்புக் குரலாகவும் சூழலியல் அறத்தின் முன்னோடியாகவும் எடுத்துக்காட்டும் போக்கு கருத்தரங்கக் கட்டுரைகளில் பெருகியுள்ளது. பாடல் அதற்கு இடம் தரவில்லை. வயலையும் ஊரையும் அழிக்க இசைவளிக்கும் புலவர் மரத்தின்பால் மட்டும் அருள்கொண்டார் என்பது வலிந்து கொள்ளும் பொருள். பகைவனின் கடிமரம் உன் யானையைத் தாங்காது என்பது ஒரே நேரத்தில் வென்றவனைப் புகழ்ந்து, தோற்றவனின் சின்னத்தை அவனிடமே விட்டுவைக்கும் சொல்லாட்சி. கொள்ளத் தகுதியற்றது என்று சொல்லியே அதைக் காப்பாற்றுகிறார் காரிக்கண்ணனார். இந்தத் தந்திரம் அருளைவிடக் கூர்மையானது. அதைச் சூழலியல் என்று பெயரிட்டு மழுங்கச் செய்வது பாடலுக்கு இழப்பு.

புறமரபை ஒருதலையாக உயர்த்திப் பேசுவதும் பிழையாகும். பரணர் பாடல்கள் அதற்குத் தடையாக நிற்கின்றன. குறுந்தொகை 73இல் நன்னனின் மணமிக்க மாமரத்தைக் கோசர் அழித்த செய்தி வருகிறது. அங்கு மரத்தை வெட்டுதலுக்குப் பரணர் ஆளும் வினை ‘கொல்’ என்பது. உயிரைக் கொல்லும் வினை மரத்துக்கும் பொருந்திய காலம் என்று வியந்து நின்றுவிடலாகாது. அதே பரணர் குறுந்தொகை 292இல் அந்நன்னனின் மறுபக்கத்தைக் காட்டுகிறார். நீராடச் சென்ற பெண்ணொருத்தி ஆற்றில் மிதந்து வந்த பசுங்காயைத் தின்றாள். அக்காய் நன்னனின் காவல்மரத்தது என்பது உரைமரபு. அப்பிழைக்கு ஈடாக 81 களிறுகளையும் அவள் எடைக்கு எடை பொற்பாவையையும் கொடுக்க முன்வந்தும் அவன் ஏற்கவில்லை, அவளைக் கொன்றான். பரணரின் பாடல் அவனைப் பெண்கொலை புரிந்தவன் என்று பெயரிட்டு, மீளா நரகம் புகுந்தவனாகச் சுட்டுகிறது.

ஒரு காய்க்கு 81 யானைகள் ஈடாகாத நிலையில், மரம் எண்ணுக்குள் அடங்காத மதிப்பைப் பெற்றுவிடுகிறது. அவ்வாறு அடங்காமையே கொலைக்குக் காரணமாகிறது. மரத்தை 1 முதல் 8 வரையான எண்ணாக்கிய சீட்டாட்டத்தைப் பார்த்து, மதிப்பை எண்ணாக்குவது இழிவு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி நன்னன் குறுக்கே நிற்கிறான். எண்ணுக்கு இணங்கியிருந்தால் அப்பெண் உயிர்பிழைத்திருப்பாள்.

பதிற்றுப்பத்து இன்னொரு கூறைச் சேர்க்கிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடற்பகைவரின் கடம்பை வெட்டி அம்மரத்தால் முரசு செய்தான். செங்குட்டுவன் மோகூர்ப் பழையனின் வேம்பை வெட்டியதும் முரசாக்கத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. வெட்டும்போது எழுந்த ஓசை வெட்டியபின் முரசின் ஓசையாக நீடிக்கிறது. தோற்றவனின் மரம் வென்றவனின் குரலாக மாறுகிறது. கொடுமையானதுதான், ஆயினும் மரம் இன்னாருடையது என்பதை அம்முரசு ஒவ்வொரு முறை அறையப்படும்போதும் கேட்போர் நினைவுகொள்வர். சீட்டாட்டத்தில் செல்லாது போன நான்கு கொன்றைகள் எதுவாகவும் மாறுவதில்லை. அடுத்த ஆட்டத்துக்காகக் கலைத்து அடுக்கப்படுகின்றன.

பிள்ளையார்பாளையத்து அட்டைகள்

சீட்டு என்னும் ஊடகமே மறைப்பை வேண்டுவது, ஆகவே ஓசையின்மைக்கு இவ்வாட்டத்தைக் குறைகூறலாகாது என்று வாதிடலாம். அவ்வாதத்தைச் சோதிக்கக் காஞ்சிபுரத்தின் மேற்குப் பகுதியான பிள்ளையார்பாளையத்தின் பட்டுத்தறிகள் உதவும். கைலாசநாதர் கோயிலை ஒட்டியும் திருமேற்றளியைத் தன்னகத்தே கொண்டும் விளங்கும் அந்நெசவாளர் பகுதியில், மரமும் கொடியும் அட்டைகளின் வழியே வளர்கின்றன.

பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய பொறியமைப்பின் வழிவந்த பெட்டி கைத்தறியின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். கட்டத்தாளில் வரைந்த கொடியோ மாங்காயோ, துளையிட்ட அட்டைகளாக மாற்றப்படுகிறது. துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் தாழ்ந்திருக்கும். உருவின் ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. அட்டைகள் கயிற்றால் கோக்கப்பட்டு, நெசவாளர் மிதிக்கும்தோறும் ஒவ்வொன்றாக முன்வரும். கரையில் ஏறும் கொடி இலைமேல் இலையாக வளர்வது இந்த வரிசையால்தான். ஓர் அட்டை இடம்மாறினால் கொடி முறிந்துபோகும்.

எண்ணேறு வரிசையில் சீட்டுகளை அடுக்கி மரவரிசை வளர்க்கும் ஆட்டத்துக்கும் இந்த அட்டைக்கோவைக்கும் உள்ள ஒற்றுமை மேலோட்டமானதன்று. இரண்டிலும் வரிசையே வளர்ச்சி. வேறுபாடு மறைப்பில் உள்ளது. தறியின் அட்டையில் மறைவான கை என்று ஒன்றில்லை. ஒவ்வொரு துளையும் துணியில் வந்தே தீரும். விடுபட்ட துளையும் விடுபட்டதாகவே புடவையில் தெரியும். வாங்குபவர் அதை விரித்துப் பார்க்கும்போது அட்டையின் பிழை வெளிப்படும். ஆகவே அட்டையில் எழுதப்பட்ட மரம் என்பதாலேயே அது மறைக்கப்பட்டாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. மறைப்பு இவ்வாட்டத்தின் வடிவமைப்பாளர் செய்த தேர்வு. அத்தேர்வு எதற்கு இடமளிக்கிறது, எதை இழக்கிறது என்று கேட்கும் உரிமை திறனாய்வுக்கு உண்டு.

காஞ்சி: தோற்பவனுக்கு ஒரு பூ

அத்தேர்வின் இழப்பு என்ன என்பதை இவ்வூர்ப் பெயரே விளக்குகிறது. காஞ்சிபுரம் காஞ்சி மரத்தால் பெயர்பெற்றது என்பது ஒரு கருத்து. காஞ்சி என்பது நீர்த்துறைகளில் வளரும் மரமாகச் சங்கப் பாடல்களில் வரும். அது ஒரு புறத்திணைக்கும் பெயர். ஆலத்தூர் கிழார் பாடலில் முற்றுகையிடப்பட்ட கருவூருக்கு வஞ்சி என்றும் பெயருண்டு. அதுவும் தாவரம், அதுவும் திணை. தமிழ்நிலத்தில் ஊரும் மரமும் போர்முறையும் ஒரே சொல்லுக்குள் வாழ்ந்ததற்கு இவை இரண்டும் போதிய சான்று.

தாவரங்களைச் சீட்டின் இனங்களாக்குவது பிற பண்பாடுகளிலும் உண்டு. செர்மானியச் சீட்டுக்கட்டில் இலையும் ஓக் மரக்காயும் இனங்கள். சப்பானிய ஹனஃபுடாவில் பன்னிரு மாதங்களுக்குப் பன்னிரு தாவரங்கள், இனத்துக்கு நான்காக 48 சீட்டுகள். இந்தியக் கஞ்சிஃபாவில் தசாவதார வகை, பத்து அவதாரங்களுக்கும் பன்னிரண்டு வீதம் 120 சீட்டுகளைக் கொண்டது; அங்குத் தெய்வங்களே இனங்கள். இவற்றிலெல்லாம் இனங்கள் ஒன்றற்கொன்று பக்கத்தில் நிற்கின்றன. புறத்திணையில் அவை எதிரெதிராக நிற்கின்றன. வெட்சி கவர்ந்தால் கரந்தை மீட்கும். உழிஞை மதிலை வளைத்தால் நொச்சி மதிலைக் காக்கும். சூடிய பூவால் திணை பெயர்பெற்றது என்னும் உரைமரபை ஏற்றால், தற்காப்பவனுக்கும் சொந்தமாக ஒரு பூ இருக்கிறது. அப்பூவின் பெயரால் துறைகள் உள்ளன. துறைகளுக்குப் பாடல்கள் உள்ளன.

இவ்விடத்தில் காஞ்சி சிக்கலான இடத்தைப் பெறுகிறது. தொல்காப்பியர் கூறும் புறத்திணைகள் ஏழு. அவற்றுள் காஞ்சி பெருந்திணைக்குப் புறனாகி உலகின் நிலையாமையைப் பேசுவது. அங்குக் காஞ்சிக்கு எதிரிணை இல்லை. புண்பட்டு வீழ்ந்தவன், கணவனை இழந்து தவநிலை ஏற்றவள், மனைவியை இழந்து தனித்தவன் ஆகியோரின் துறைகள் அதில் அடங்கும். ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் திணைகளைப் பன்னிரண்டாக்குகிறார். மண்ணாசையால் படையெடுப்பவன் வஞ்சி சூட, எதிர்த்துத் தன் நாட்டைக் காப்பவன் காஞ்சி சூடுகிறான். நிலையாமை பற்றிய துறைகள் பெரும்பாலும் பொதுவியல் படலத்துக்குள் சென்று அடைகின்றன.

இம்மாற்றத்தை இலக்கண வளர்ச்சி என்றோ மரபுச் சிதைவு என்றோ வகுப்பறைகளில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆட்டவிதி நோக்கில் அது வேறுவிதமாகத் தெரிகிறது. ஐயனாரிதனார் இணைகளை நிரப்பியிருக்கிறார். வஞ்சிக்கு எதிர்ப்பூ வேண்டும். வெறுமனே நின்ற காஞ்சி அவ்விடத்துக்கு அழைக்கப்பட்டது. அமைப்பு சமச்சீர் பெற்றது. அதற்குக் கொடுத்த விலை, எவர் பக்கமும் சாராமல் இழப்பை மட்டும் பேசிய ஒரு திணை, போரிடும் பக்கங்களுள் ஒன்றாகச் சுருங்கியது. தொல்காப்பியக் காஞ்சி ஆட்டத்துக்கு வெளியே நின்று ஆட்டத்தின் முடிவைப் பார்த்தது. வெண்பாமாலைக் காஞ்சி ஆட்டத்துக்குள் புகுந்து ஒரு பக்கத்தை ஏற்றது. மதுரைக்காஞ்சி தன் தலைப்பில் தாங்கியிருப்பது முன்னதன் பொருளை: மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு, வென்ற மன்னனுக்கே, நிலையாமை கூறினார். வாகை சூடியவன் முன்னிலையில் காஞ்சி பாட இயலும் என்பதை அத்தலைப்பு காட்டுகிறது.

வெண்பாமாலையின் சமச்சீரால் இழப்பு நேர்ந்தாலும், ஒன்று இரு நூல்களிலும் மாறவில்லை. தோற்பவனின் நிலைக்கு மொழி உண்டு என்பது அது. மகளைக் கொடுக்க மறுத்து ஊரழிவை எதிர்நோக்கும் குடியும், இடிந்த மதிலுக்குள் நிற்கும் நொச்சி மறவனும் துறைப்பெயர் பெற்றவர்கள். இரு திறத்தாரும் ஒருங்கே சூடும் தும்பையும், வென்றவன் மட்டும் சூடும் வாகையும் இவற்றோடு சேர்ந்தே முழு அமைப்பாகின்றன. ‘ஆர்போரீட்டம்’ இவற்றுள் வாகையை மட்டும் கொண்ட ஆட்டம். உரிமை பறிக்கப்பட்ட கொன்றைத் தோட்டத்துக்கு அதில் பெயரில்லை, எண்ணுமில்லை. சுழியம்கூட எழுதப்படுவதில்லை, அவ்வினம் புள்ளித்தாளில் வெற்றிடமாக விடப்படுகிறது. மறைப்பு வடிவமைப்பாளருக்குத் தந்தது இறுதி நொடியின் திகைப்பு. அது எடுத்துக்கொண்டது காஞ்சிக்குரிய இடம். அழிவைக் கேட்டறிந்தவனால்தான் எதிர்த்து நிற்கவோ புலம்பவோ இயலும். கேளாமலே அழிந்தவனுக்குச் சூட ஒரு பூ இல்லை.

இதனால் ஆட்டம் தரத்தில் தாழ்ந்தது என்று கொள்ளவேண்டியதில்லை. கொடாமையால் நிகழும் அழிவை இவ்வளவு சுருங்கிய விதிகளில் உணர்த்திய வேறு சீட்டாட்டத்தைச் சுட்டுவது அரிது. நீரையோ நிலத்தையோ விதையையோ கைக்குள் மூடிவைத்துப் பிறர் பயிரைப் பயனற்றதாக்கும் இக்காலச் செயல்களுக்குக் கோடரியின் ஓசை இல்லை. அவ்வகையில் இவ்வாட்டம் தன் காலத்தை நேர்மையாகவே காட்டுகிறது. தன் காலத்துக்குக் குறைவாக இருப்பதையும் அதுவே காட்டிவிடுகிறது.

சமநிலையில் நடப்படும் மரம்

விதிநூலின் இறுதிப் பகுதி, விளையாட்டாக எழுதப்பட்டதெனினும், விலக்கத்தக்கதன்று. இருவர் புள்ளிகள் சமமானால், தம் தோட்டத்தில் மிகுதியான மர இனங்களைக் கொண்டவர் வெல்வார். அதுவும் சமமானால், அவ்விருவரும் ஆளுக்கொரு மரத்தை மண்ணில் நடவேண்டும்; ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எவர் மரம் உயர்ந்திருக்கிறதோ அவரே வென்றவர்.

ஆடுவோர் இவ்விதியைச் சிரித்துக் கடந்துவிடுவர். ஆயினும் ஆட்டம் முழுதும் நிறமும் எண்ணுமாய் இருந்த மரம் இவ்வொரு தொடரில் மட்டும் மரமாகிறது. இங்குக் கைச்சீட்டுக்கு வலிமை இல்லை. எதையும் மறைத்துவைத்து அயலார் கன்றை வளராமற் செய்ய இயலாது. அதற்கு அதன் அருகே சென்றாகவேண்டும். கன்றுக்கு நீரூற்ற ஆள் வேண்டும், ஆடு கடிக்காமல் வேலி வேண்டும். ஐந்தாண்டு காக்கப்படும் அம்மரம் எவருடையது என்பதை ஊரே அறியும். காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை நான்கு மறைகளின் நான்கு கிளைகளாகப் போற்றிவரும் மரபைக் கடிமர வழிபாட்டின் தொடர்ச்சியாகக் கருதுவோர் உண்டு. அதை முழுதும் ஏற்காதவரும், மரம் கண்முன் நிற்பதாலேயே அதற்குக் காவல் தேவைப்படுகிறது என்பதை ஏற்பர். அவ்விருவர் நட்ட கன்றுகளும் நடப்பட்ட நாள்முதல் கடிமரங்களே.

ஐந்தாண்டுகளுக்குள் ஒருவர் மற்றவரின் கன்றை வெட்டிவிட்டால் முடிவு என்னாகும் என்பதற்கு விதிநூலில் இடமில்லை. வெட்டும் ஓசை கேட்டும் உரியவர் வெளியே வராதிருந்தால் வெட்டியவர் நிலை என்ன என்பதற்கும் இல்லை. அவ்வினாக்களை எழுப்பிப் பார்த்தவர்கள் ஆலத்தூர் கிழாரும் காரிக்கண்ணனாரும். இருவர் பாடல்களும் துணைவஞ்சித் துறையின்கீழ் உள்ளன.